எல்லோருக்கும் மறுப்பு

சீடன் என்றால் கேள்வியோடு வரவேண்டும். தோழர் கொம்பையா புகாரோடு வந்தார்.

படிப்பகத்தின் கம்ப்யூட்டர் அறையில் எஸ்தர் டீச்சர் ஒரு வயரின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர், வயது நாற்பதைத் தாண்டியவர். மாலையில் இங்கே வந்து சம்பளம் வாங்காமல் இந்த மெஷின்களைக் கவனித்துக்கொண்டார். அவரைவிடக் கால் நூற்றாண்டு மூத்த கொம்பையா அவரிடம்தான் பாடம் படித்தார். ஊருக்கு இது நல்ல வேடிக்கை. சங்கத்தின் சுமைப்பணிக் கிளைச் செயலாளர் இசக்கிமுத்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, "என்ன அண்ணாச்சி, வீட்டுப்பாடம் எழுதியாச்சா? டீச்சர் பெஞ்சு மேல ஏத்திரப் போறாங்க" என்பார். கொம்பையா திரும்பிப் பார்க்கமாட்டார். தகுதியுள்ளவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்வார். தகுதியுள்ளவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"என் அறிக்கையில் கை வைத்துவிட்டார்கள், டீச்சர்."

"எந்த அறிக்கை?"

"கேட் அறிக்கை."

எஸ்தர் வயரைக் கீழே வைத்தார்.

கேட் அறிக்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். மில் ஓடிய காலத்தில், பெரிய வேலைநிறுத்தத்தின் முதல் நாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுத்த துண்டறிக்கை அது. கொம்பையா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மிச்சப் படிப்பு முழுவதையும் அவருக்குத் துண்டறிக்கைகள்தான் கொடுத்தன. டீக்கடைப் பலகையில் ஒட்டியிருந்ததையும், கூட்டம் கலைந்தபின் தரையில் கிடந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து, ஒரு நாள் அவரே எழுதினார். போராட்டக் கொட்டகையில் ஸ்டென்சில் தாளை விரித்து வைத்துக்கொண்டு அவர் எழுத, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு சொல்லைத் தூக்கிப் போட்டார்கள். மை வாடை, கொட்டகை ஓலை வாடை, பெரிய சட்டியில் கொதித்த வரக்காப்பி வாடை. உருளையைச் சுற்றச் சுற்றத் தாள் தாளாக வந்து விழுந்தது. சோற்றுப் போணிக்கு அடியில் மடித்து வைத்துக் கொண்டுபோனார்கள். படிக்கத் தெரியாதவர்கள் தெருவிளக்குக்குக் கீழே நின்று, படிக்கத் தெரிந்தவனின் வாயைப் பார்த்தார்கள்.

"தோழனே, உன் கை படாமல் இந்தச் சக்கரம் சுற்றுமா?"

அது முதல் வரி. அந்த ஒரு வரியைக் கேட்டு, கேட்டுக்குள் ஒரு கால் வைத்திருந்தவர்கள் அந்தக் காலை வெளியே எடுத்தார்கள். அப்படி ஒரு வரியை இந்தக் காலத்தில் எவன் எழுதுகிறான்? சுவரொட்டியில் பாதி இடம் தலைவர் முகத்துக்குப் போகிறது, மீதி இடம் அவர் மகன் முகத்துக்குப் போகிறது.

மில் போய்விட்டது. அது நின்ற இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. அன்று கொடி பிடித்தவர்களில் ஒருவர் அந்த மண்டபத்துக்கே பந்தல் காண்டிராக்ட் எடுத்திருக்கிறார். மிஞ்சியது தொழிலாளர்கள் செங்கல் சுமந்து கட்டிய இந்தப் படிப்பகமும், அதன் பரணில் கிடந்த துண்டறிக்கைகளும். கரையான் அரித்தது போக மீதியை எஸ்தர் டீச்சர்தான் ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்தார். 'கம்ப்யூட்டரே வெளியேறு' என்று இதே தெருவில் ஒரு காலத்தில் ஊர்வலம் போனபோது முன்வரிசையில் கத்தியவர் கொம்பையா. அதே கொம்பையா தன் வாழ்நாளை அந்த மெஷினுக்குள் வைக்க நேர்ந்தது. மெஷின் பாஷை தெரியாமல் அதை இன்னொருவர் பொறுப்பில் விட அவருக்கு மனமில்லை. அதனால்தான் இந்த வயதில் மாணவரானார்.

டீச்சர் சர்வரில் 'துண்டறிக்கைகள்' ஃபோல்டரைத் திறந்தார். சர்வர் என்பது மூலையில் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெரிய மெஷின். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் கிளைக்கு ஒரு வரிசை, சுமைப்பணிக் கிளைக்கு ஒரு வரிசை, பரீட்சைக்குப் படிக்க வரும் மாணவர்களுக்கு ஒரு வரிசை என்று அவை பிரிந்திருந்தன.

கேட் அறிக்கை திரையில் வந்தது.

"தோழியே, உன் கை படாமல் இந்தப் பெட்டி நிரம்புமா?"

"பார்த்தீர்களா?" என்றார் கொம்பையா.

"முழுதும் படித்தீர்களா, தோழர்?"

"மேலே இரண்டு வரி படித்தேன். அதற்குமேல் படிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்."

பழைய அறிக்கை தொலைந்துபோகவில்லை என்றார் டீச்சர். தினமும் எல்லாவற்றுக்கும் தனி டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வைப்பதாகவும், நாளை அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்றும் சொன்னார். கொம்பையாவுக்கு அது ஆறுதலாக இல்லை. திரும்பக் கிடைப்பது வேறு, கை வைத்தது வேறு என்றார். இன்றைக்குத் தீப்பெட்டிக் கிளை கை வைத்தது, நாளைக்குச் சுமைப்பணிக்காரர்கள் சக்கரத்துக்குப் பதிலாக மூட்டையைப் போடுவார்கள், மறுநாள் மாணவர்கள் அதில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள் என்றார். அறிக்கையின் உயிரே அதன் சொற்களில்தான் இருக்கிறது, தான் செத்தபிறகும் அவை அப்படியே நிற்கவேண்டும் என்றார்.

சொல்லிவிட்டுச் செருமினார்.

"கிளையில் எந்தப் பெண் மாற்றினார் என்று சர்வரில் பதிவு இருக்கும். பார்க்கட்டுமா?" என்று கேட்டார் டீச்சர்.

கேட் அறிக்கையை எழுதியது யார் என்று கேட்டு ஒரு காலத்தில் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அவர் உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்தவர்களும் திறக்கவில்லை.

"வேண்டாம். காட்டிக்கொடுக்கிற வேலை மெஷின் செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான்."

டீச்சர் தலையசைத்தார்.

இந்த இடத்தில் முன்கதை கொஞ்சம் வேண்டும். மெஷின்கள் வந்து இறங்கி, வயர்கள் இழுத்து முடிந்த புதிதில் டீச்சர் கொம்பையாவிடம் ஓர் அட்டவணையைக் காட்டினார். ஒரு பக்கம் குழுக்களின் பெயர்கள். இன்னொரு பக்கம் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்று கட்டங்கள். எந்தக் குழுவுக்கு எந்த அனுமதி என்று கேட்டார். கொம்பையாவுக்குச் சுரீர் என்றது. கொட்டகையில் கதவே கிடையாது, ஸ்டென்சில் பெட்டிக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உருளையைச் சுற்றலாம், அந்த நம்பிக்கையில்தான் வேலைநிறுத்தமே நின்றது என்று அரைமணி நேரம் பேசினார்.

"அனுமதி என்பது மேஸ்திரி பாஷை, டீச்சர். இங்கே எல்லோருக்கும் எல்லாம்."

"அப்படியே போடட்டுமா?"

"போடுங்கள்."

"சரி, தோழர்."

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'எல்லோரும்' என்ற வரிக்கு நேராக எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டு எழுந்துபோனார். அவர் பாடம் நடத்தும் முறை அது. கொம்பையா அன்று வீட்டுக்குப் போகும்போது மீசையை முறுக்கிக்கொண்டு போனார்.

இப்போது அதே அட்டவணை மறுபடியும் திரையில் வந்தது.

பழைய அறிக்கைகளை எல்லோரும் படிக்கலாம், ஆனால் மாற்ற முடியாது, புதிதாக எழுத ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபோல்டர் தந்துவிடலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். கொம்பையா ஒப்பவில்லை. அரைகுறை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டுத்தான் சங்கமே நாசமாய்ப் போனது என்றார். டீச்சர் வற்புறுத்தவில்லை. சர்வரின் பாஸ்வேர்டைச் சொன்னார்.

"நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது அனுமதிப் பத்தி. இது மறுப்புப் பத்தி. மறுப்பைத் தொடும்போது மட்டும் மெதுவாகத் தொடுங்கள். இரண்டும் மோதினால் மறுப்புதான் ஜெயிக்கும்."

ஜெயிக்கிற பத்திதான் தனக்கு வேண்டும் என்று கொம்பையா மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை படிப்பகத்தைத் திறந்ததும் நேராகத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தீப்பெட்டிக் கிளைக்கு மட்டும் மறுப்புப் போடலாமா என்று முதலில் யோசித்தார். ஒரு கிளையை மட்டும் தள்ளிவைத்தால் அது பாகுபாடு. அதுவும் பெண்கள் கிளை. நாலு பேர் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பார்கள். எல்லோரையும் ஒன்றாக மறுத்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. அதில் ஒரு சமத்துவம் இருந்தது. 'எல்லோரும்' என்ற வரிக்கு நேராக மறுப்புப் பத்தி முழுவதும் டிக் போட்டார். அதற்குக் கீழே 'கொம்பையா' என்று தன் பெயரில் ஒரு வரியைச் சேர்த்து முழு அனுமதி கொடுத்துக்கொண்டார்.

நிச்சயமாகத்தானா என்று மெஷின் கேட்டது. வாழ்நாளில் அவரை அப்படிக் கேட்டவர்கள் யாரும் நன்றாக இருந்ததில்லை. ஆம் என்பதை அழுத்தினார்.

பிறகு வாசிப்பறையில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். நெடுநாளைக்குப் பிறகு மனம் நிம்மதியாக இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம் தீப்பெட்டிக் கிளைப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கிளைத் தலைவி சண்முகக்கனி. விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்துக் கறை. அவர் இடுப்பில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் இருந்தது. அன்று ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வரும்போது கேட்டில் அறிக்கை கொடுப்பதாக ஏற்பாடு. இவர்கள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அதை அச்சடிக்க வந்திருந்தார்கள். அன்றைக்கு விட்டால், மறுநாளிலிருந்து திருவிழா லீவுக்கு ஆபீஸ் ஒரு வாரம் மூடிக்கிடக்கும். திறக்கும்போது கேள்வி கேட்ட பெண்கள் உள்ளே இருக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சிறிது நேரத்தில் சண்முகக்கனி வாசிப்பறைக்கு வந்தார். துண்டறிக்கை ஃபோல்டர் திறக்கமாட்டேன் என்கிறது என்றார். கொம்பையா பேப்பரை நிதானமாக மடித்தார். பாதுகாப்புக்காகத் தான்தான் மூடியிருப்பதாகவும், வேண்டியதைச் சொன்னால் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். தன் மெஷினில் போய் உட்கார்ந்து, தன் பெயரைப் போட்டு, ஃபோல்டரைத் தட்டினார்.

அனுமதி மறுக்கப்பட்டது.

இன்னொரு முறை தட்டினார். அதே வாசகம் வந்தது. தடுப்புக்குப் பின்னால் போய்த் தன் பெயருக்கு நேராக இருந்த டிக்குகளைச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று தன் பெயரை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். திரும்பி வந்து தட்டினார்.

அனுமதி மறுக்கப்பட்டது.

இதற்குள் மாணவர்கள் வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். வாசல்படியிலிருந்து இசக்கிமுத்துவும் வந்தார். எல்லோரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த ஒற்றை வரியைப் படித்தார்கள்.

மில்லைப் பூட்டிய காலையும் இப்படித்தான் இருந்தது. ஆறு மணி ஷிப்டுக்குச் சோற்றுப் போணியோடு வந்தவர்கள் கேட்டுக்கு முன்னால் கூடி நின்றார்கள். இரும்புக் கதவில் டைப் அடித்த ஒரு தாள். அடியில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. மில் சங்கு ஊதவில்லை. சங்கு ஊதாத அந்தக் காலையின் அமைதியைக் கொம்பையா அதற்குப்பின் எங்கேயும் கேட்டதில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கூட்டம் கேட்டது. அவர்தான் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"இது யாரு போட்ட கதவடைப்பு, அண்ணாச்சி?" என்று கேட்டார் சண்முகக்கனி.

கொம்பையா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. இசக்கிமுத்துகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொம்பையாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், எழுந்து நாலு வார்த்தை கத்தியிருப்பார்.

எழுந்திருக்காமலே காரணத்தைச் சொன்னார். தன் அறிக்கையை அழித்துவிட்டு அதன்மேல் இவர்கள் எழுதியதைச் சொன்னார். பயத்தையோ மன்னிப்பையோ எதிர்பார்த்துச் சண்முகக்கனியின் முகத்தைப் பார்த்தார். அங்கே இரண்டும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"எடுத்து எழுதத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம் அண்ணாச்சி. பேரு மாத்தி சேமிக்கணும்னு எங்களுக்குத் தெரியல. பழசு போயிருச்சா?"

போகவில்லை, டீச்சரிடம் நகல் இருக்கிறது என்று முனகினார்.

"அப்ப சரி. எங்க கையிலதான் நகல் இல்ல."

அந்த அறிக்கையை நாலைந்து பெண்கள் வேலை முடிந்து வந்து வந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி எழுதியிருந்தார்கள். திரும்ப அடிக்க நேரமில்லை. டீச்சருக்குப் போன் போட்டார்கள். வகுப்பில் இருந்தால் அவர் போனை எடுக்கமாட்டார். பெண்கள் மூவரும் பிரிண்டருக்குப் பக்கத்தில் தாள்கட்டை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். கொம்பையா நாற்காலியிலேயே இருந்தார். யாரோ அவருக்கு டீ வாங்கி வந்து வைத்தார்கள். அது ஆறி ஏடு படிந்தது.

எஸ்தர் டீச்சர் வந்து சைக்கிளை நிறுத்தும்போது நாலரை ஆகியிருந்தது. தரையில் இருந்த பெண்களையும், நாற்காலியில் இருந்த தன் மாணவரையும் பார்த்தார்.

"மெஷின் கோளாறு, டீச்சர்," என்றார் கொம்பையா. "எனக்குத் தனி வரி போட்டு முழு அனுமதி கொடுத்திருக்கிறேன். மதிக்கமாட்டேன் என்கிறது."

"காட்டுங்கள்."

தடுப்புக்குப் பின்னால் போனார்கள். அட்டவணை திறந்தது. டீச்சர் உட்காரவில்லை. மேலே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது யார்?"

"எல்லோரும்."

"அதில் யார் யார் உண்டு?"

"தீப்பெட்டிக் கிளை. சுமைப்பணிக் கிளை. மாணவர்கள்."

"இன்னும்?"

"பேப்பர் படிக்க வருகிறவர்கள்."

"இன்னும்?"

"நீங்கள்."

"இன்னும்?"

கொம்பையா கீழே தன் பெயர் இருந்த வரியைப் பார்த்தார்.

டீச்சர் விரலை எடுக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வளையல் சத்தம் கேட்டது. கொம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, மவுஸைப் பிடித்து, மறுப்புப் பத்தியில் தான் போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மெஷின் மறுபடி நிச்சயமாகத்தானா என்று கேட்டது. இந்த முறை அவருக்குக் கோபம் வரவில்லை.

ஃபோல்டர் திறந்தது.

அறிக்கை திரையில் விரிந்தது. பெண்கள் வந்து பின்னால் நின்றார்கள். தப்பு இருந்தால் திருத்தித் தரச் சொன்னார் சண்முகக்கனி. கொம்பையா முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாம் வரியைத் தாண்டினார். தாண்டி, போய்க்கொண்டே இருந்தார்.

அவருடைய அறிக்கையில் போனஸ் இருந்தது, எட்டு மணி நேரம் இருந்தது, உலகத் தொழிலாளர் எல்லோரும் இருந்தார்கள். இதில் அவை எதுவும் இல்லை. ஒரு கழிப்பறைதான் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸின் பின்கட்டில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. போகிறவள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும். மேஸ்திரி வெளியே வந்து நின்று நேரமாகிறது என்று கதவைத் தள்ளுவான். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். இதைப் பேசிய இரண்டு பெண்களுக்கு வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

"தோழியே, பூட்டு அவர்கள் கையில் நிறைய இருக்கிறது. கோடவுனுக்குப் பூட்டு, கேட்டுக்குப் பூட்டு, பேசினால் வாய்க்குப் பூட்டு. நாம் கேட்பது உள்ளே இருக்கிறவள் போட்டுக்கொள்ள ஒரு தாழ்ப்பாள்."

கொம்பையா அந்த இடத்தில் நின்றார். மறுபடி படித்தார்.

"இதை யார் எழுதியது?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் கொஞ்சம், அவள் கொஞ்சம் என்றார் சண்முகக்கனி. ஒருத்தி சொல்ல ஒருத்தி தட்டியது, யார் என்று இப்போது நினைவில்லை என்றார்.

திருத்தச் சொல்லியிருந்தார்கள். ஐம்பது வருடத்து விரல் சும்மா இருக்குமா? கொம்பையாவின் கை தானாகவே விசைப்பலகைக்குப் போனது. ஒரு வரி கூட்டினால் வேகம் வரும் என்று தோன்றியது. எந்த வரி என்று தேடினார். கொட்டகையில் எழுதிய அத்தனையும் நினைவுக்கு வந்தது. மை பிசுபிசுத்த விரல்கள், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவர்களின் பீடி வாசம், பாதி ராகத்தில் யாரோ பாடிக்கொண்டே உருளையைச் சுற்றியது. எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வார்கள். படித்துக் காட்டினால் ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போகலாம். போனார்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பு ஒன்றும் இல்லை," என்றார்.

டீச்சர் பழைய கேட் அறிக்கையை நகலிலிருந்து எடுத்து, 'மூலம்' என்று ஒரு தனி ஃபோல்டரில் வைத்தார். அதற்குக் கொம்பையாவையே அனுமதி போடச் சொன்னார். எல்லோரும் படிக்கலாம் என்று அவர் போட்டார். மாற்றலாம் என்ற கட்டத்துக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தார்.

"எழுதியவனுக்குமா கிடையாது? அங்கங்கே ஒரு சொல்லை நேர்செய்ய வேண்டியிருக்கும்."

"தெருவிளக்குக்குக் கீழே நின்றவர்கள் எந்தச் சொல்லைக் கேட்டார்கள்?"

கொம்பையா அந்தக் கட்டத்தைத் தொடாமல் விட்டார். பிறகு தீப்பெட்டிக் கிளைக்கு ஒரு ஃபோல்டர் போட்டார். அந்தக் குழுவுக்கு நேராக, படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் டிக் வைத்தார். புது அறிக்கையை அங்கே நகர்த்தினார். நகர்த்தும்போது திரையில் அவர் இதுவரை கவனிக்காத ஒரு வரி கண்ணில் பட்டது. உரிமையாளர் என்று இருந்தது. அதற்கு நேரே தீப்பெட்டிக் கிளையின் பெயர். பக்கத்தில், மாற்றுவதற்கு ஒரு பொத்தான்.

பெண்கள் பிரிண்டரில் தாளை அடுக்கிவிட்டு அவர் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கை அவருடைய திரையில்தான் இருந்தது. அவர் அச்சுக் கட்டளை கொடுத்தால்தான் தாள் நகரும்.

கொம்பையா அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் முதல் முறையாகப் புகார் எதுவும் மிச்சமில்லை, கேள்விதான் இருந்தது.

"டீச்சர், சக்கரம் என்று எழுதியது நாங்கள். பெட்டி என்று எழுதியது இவர்கள். அந்த வரிக்கு உரிமையாளர் யார்?"

எஸ்தர் டீச்சர் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஷிப்ட் முடியப் போகிறது, தோழர்."